வேலை போனால் பிள்ளையின் ஜீவனாம்சம் குறையுமா?

கடலூர் சிப்காட்டில் ஆலை வேலையை இழந்த தகப்பனுக்கும், துறைமுகத்தில் விசைப்படகைக் கட்டிப்போட்டிருக்கும் தகப்பனுக்கும் அந்த மாத நெருக்கடி ஒன்றுதான். நீதிமன்றம் இருவரையும் ஒன்றாகப் பார்க்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை ஆண்டுதோறும் வருவது. அதைச் சொல்லி ஜீவனாம்சத்தைக் குறைக்கக் கேட்டால் எடுபடுவது கடினம். ஆலை மூடல், உழைக்க முடியாத அளவுக்கு விபத்து, நீண்ட நோய் என்றால் கதை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது போன்ற இழப்பும் அப்படித்தான். புதிதாக நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகளாவது ஆகும்.

வழியைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வி: வருமானம் போனது உத்தரவுக்கு முன்பா, பின்பா?

பின்பு என்றால், உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் தொகையை மாற்றக் கோரும் மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146. முன்பே போயிருந்தும் நீதிபதி கணக்கில் எடுக்கவில்லை என்றால் சீராய்வு மனு. குடும்ப நல நீதிமன்றத்தின் ஜீவனாம்ச உத்தரவு என்றால் அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். குடும்ப வன்முறைச் சட்டத்திலோ இந்து திருமணச் சட்டத்திலோ வந்த உத்தரவுக்குப் பிரிவுகள் வேறு. கையிலுள்ள நகலில் எந்தச் சட்டம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மனு போட்டாலே குறைந்துவிடுமா? ஷமீமா ஃபரூக்கி வழக்கைப் பாருங்கள். மனைவிக்கு மாதம் 4,000 ரூபாய் தர வேண்டிய கணவர் 2012-இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதைக் காரணமாக்கி உயர் நீதிமன்றம் 2,000 ஆகக் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து 4,000 ரூபாயையே திரும்பக் கொண்டுவந்தது. 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும். குறைத்ததும் உண்டு. கல்யாண் டே சௌத்ரி வழக்கில், கணவர் மறுமணம் செய்து குழந்தையும் பிறந்திருந்ததால், 2017-இல் 23,000 ரூபாய் 20,000 ஆனது. குறைந்தது அவ்வளவுதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே "வேலை இல்லை" என்ற ஒற்றை வரி போதாது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். பணிநீக்கக் கடிதம், வங்கிக் கணக்கு, பி.எஃப்., பணிக்கொடை, வேறு வேலைக்கு விண்ணப்பித்த தடயங்கள் எல்லாம் வேண்டும். நிறுவனம் கொடுத்த ஈட்டுத்தொகையை மறைப்பவர் வழக்கையே தொலைப்பார்.

மூன்றாவது வழி சமரசம். புது வேலை கிடைக்கும் வரை ஆறு மாதத்துக்குப் பாதி, பிறகு பழைய தொகை என்பது போன்ற ஏற்பாட்டுக்கு இதுவே ஏற்றது. ஆனால் வாய்ப்பேச்சு செல்லாது. நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அதற்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கையெழுத்துக்கு முன் யோசிப்பது நல்லது.

கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் படுமோசம். வாரண்ட் வரும், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய்வந்தாலும் கடன் தீராது என்று குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ சிதம்பரம் வட்டக் குழுவையோ அணுகலாம். 1987 சட்டத்தின்படி ஆலைத் தொழிலாளர்களுக்கும் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அங்கே இலவச வக்கீல் உண்டு. எதிர்த்தரப்பில் நிற்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அதே உரிமை உண்டு. வேலை போன மாதமே மனுவைப் போட்டுவிட்டு, முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே, சமரசத்துக்கு அனுப்பும்படி நீதிபதியிடம் கேளுங்கள்.