பழகிய கைகள்

நுழையும்முன்

புதிதாக ஒன்றைக் கற்பவருக்கு அறியாமை ஒரு தடை. தேர்ந்தவருக்கோ தாம் முன்பே அறிந்தது தடையாவதுண்டு. விமானம் செலுத்துவதில் பெயர்பெற்ற இருவர், உலங்கு வானூர்தி எனப்படும் ஹெலிகாப்டரின் முன் மீண்டும் மாணவராக நின்ற நிகழ்வை இப்பாடம் கூறுகிறது.

ஆசிரியராக வந்த கையேடு

1945ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். இரண்டாம் உலகப்போர் தன் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரையடுத்த ஸ்பீக் விமான நிலையத்திற்கு இரு விமானிகள் வந்துசேர்ந்தனர். ஒருவர் எரிக் பிரவுன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். பிரிட்டன் கடற்படையின் சோதனை விமானி. மற்றொருவர் வான்படை அலுவலரான மார்ட்டின்டேல். இருவரும் ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினர். எவரும் ஓட்டியறியாத விமானங்களை ஓட்டிப் பார்த்து, அவற்றின் குறைநிறைகளை எழுதித் தருவதே அவர்களின் அன்றாட வேலை.

மார்ட்டின்டேலின் திறமைக்கு ஒரு சான்று போதும். 1944 ஏப்ரலில், ஒலியின் வேகத்தை நெருங்கும் சோதனைக்காக அவர் ஸ்பிட்ஃபயர் விமானத்தைத் தலைகுப்புறப் பாயச் செய்தார். முன்னிருந்த உந்துவிசிறி பிய்த்துக்கொண்டு போயிற்று. இயந்திரத்தால் இனிப் பயனில்லை என்ற நிலையிலும், இறக்கைகளை மட்டுமே நம்பி 30 கிலோமீட்டருக்கும் மேல் சறுக்கி வந்து நிலையத்தில் இறங்கினார்.

ஸ்பீக்கில் அவர்களுக்காகக் காத்திருந்தவை, சிக்கோர்ஸ்கி நிறுவனத்தின் ஆர்-4 வகை உலங்கு வானூர்திகள் இரண்டு. அமெரிக்கத் தொழில்நுட்பப் படைவீரர்கள் அவற்றின் உறுப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தனர். பிரவுன் அதற்குச் சில நாள்களுக்கு முன்பு இவ்வூர்தியில் பயணியாக ஒருமுறை சிறிது நேரம் பறந்திருந்தார், அவ்வளவே. பயிற்சி தருபவர் யார் என அவர் வினவ, அங்கிருந்த பொறுப்பாளர் செம்மஞ்சள் அட்டையிட்ட பெரிய கையேடு ஒன்றை எடுத்து நீட்டி, இதுதான் உங்கள் ஆசிரியர் என்றார்.

இரு கைகளும் இரு கால்களும்

அக்கையேட்டைப் படித்தபோது அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் யாது? விமானத்தின் இறக்கை அசையாதது. விமானம் முன்னோக்கி விரையும்போது இறக்கையின் மீது பாயும் காற்று அதனைத் தூக்கிப் பிடிக்கிறது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் தூக்குவிசை அற்றுப்போகும். ஆகவே, வேகமே உயிர் என்பது விமானிக்கு முதல் நாளிலேயே புகட்டப்படும் பாடம். உலங்கு வானூர்தியிலோ இறக்கையே சுழல்கிறது. ஆர்-4இன் உச்சியில் மூன்று அலகுகள் கொண்ட சுழலி இருந்தது. அதன் விட்டம் ஏறத்தாழ 11.6 மீட்டர். ஊர்தி ஓரிடத்தில் அசையாது நின்றாலும் அலகுகள் காற்றை வெட்டிக்கொண்டே இருப்பதால் தூக்குவிசை குறைவதில்லை.

இதன் விளைவாகக் கைகளின் வேலை முற்றிலும் மாறிவிடுகிறது. வலக்கையில் உள்ள பிடி, சுழலும் தட்டினை விரும்பிய திசையில் சாய்க்கும். ஊர்தி அத்திசையில் நகரும். இடக்கையில் உள்ள நெம்புகோல், எல்லா அலகுகளின் சாய்வையும் ஒருசேரக் கூட்டியோ குறைத்தோ ஊர்தியை ஏற்றும், இறக்கும். அதன் முனையிலேயே இயந்திர விசையைக் கட்டுப்படுத்தும் முறுக்குப்பிடியும் உண்டு. கால்மிதிகள் வாலில் உள்ள சிறு சுழலியைக் கட்டுப்படுத்தும்.

இவற்றுள் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் கலங்கும் என்பதே தொல்லை. மேலே எழ எண்ணி நெம்புகோலை உயர்த்தினால், அலகுகளின் சுமை கூடிச் சுழற்சி தளரும். உடனே விசையை முறுக்கிக் கூட்ட வேண்டும். விசை கூடினால் ஊர்தியின் உடல் சுழலிக்கு எதிர்த்திசையில் திரும்பும்; மிதியை அழுத்தி அதனைத் தடுக்க வேண்டும். மிதியை அழுத்தினால் வால்சுழலி ஊர்தியைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்கு வலக்கைப் பிடி ஈடுகொடுக்க வேண்டும். இத்தனையும் ஒரு நொடிக்குள்! கையை எடுத்தாலும் சிறிது நேரம் நேராகச் செல்லும் விமானத்தில் பழகியவர்களுக்கு, ஒரு கணமும் ஓய்வு தராத இவ்வூர்தி பெருஞ்சோதனையாக இருந்தது.

அந்தரத்தில் நிற்பது இவற்றுள் கடினமானது. பிடியை அசைத்தவுடன் ஊர்தி நகர்வதில்லை. சற்றுத் தாழ்த்தே நகரும். போதவில்லை என்று கருதும் விமானி மேலும் தள்ளுவார். இரண்டும் சேர்ந்து ஊர்தியை அளவுக்கு மீறிச் சாய்க்கும். அதை மீட்க எதிர்ப்பக்கம் இழுப்பார். ஊஞ்சல்போல ஆட்டம் பெருகும். பிடியை அசைப்பதை விட, அசைக்க எண்ணி நிறுத்துவதே இங்குப் பயிற்சி எனலாம்.

தெரிந்து தெளிவோம்

ஆர்-4ஐ உருவாக்கிய ஈகோர் சிக்கோர்ஸ்கி 1889இல் கீவ் நகரில் பிறந்தவர். விமானங்களை வடிவமைத்துத் தாமே ஓட்டியவர். 1939 செப்டம்பர் 14 அன்று தமது விஎஸ்-300 ஊர்தியில் அமர்ந்து முதன்முதலாக எழுந்தபோது, அது விலகிச் செல்லாதபடி தரையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1944 ஏப்ரலில், இந்தியாவின் லாலாகாட் தளத்திலிருந்து சென்ற ஆர்-4 வகை ஊர்தி ஒன்று, பர்மாக் காட்டில் பகைவரின் எல்லைக்குள் சிக்கியிருந்த நால்வரை மீட்டது.

ஃபார்ன்பரோ நோக்கி

பிரவுனும் மார்ட்டின்டேலும் கையேட்டை ஊன்றிப் படித்தபின், ஊர்திகளில் ஏறி அந்தரத்தில் நிற்கப் பலமுறை முயன்றனர். ஒருவாறு கட்டுக்குள் வந்ததும், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இரு ஊர்திகளிலும் ஃபார்ன்பரோவுக்குப் புறப்பட்டனர். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவு. இருவரும் அணிவகுத்துப் பறப்பதாகவே ஏற்பாடு. விமானங்களில் இறக்கை உரசும் நெருக்கத்தில் பறக்கவல்ல அவ்விருவருக்கும் இடையே, அன்று சிற்சில வேளைகளில் மூன்று கிலோமீட்டர் வரை இடைவெளி விழுந்தது. எனினும் நலமாகச் சென்றடைந்தனர்.

அன்று அவர்களின் இயந்திரங்கள் நிற்கவில்லை. நின்றிருந்தால், மார்ட்டின்டேலை முந்தைய ஆண்டு காப்பாற்றிய பழக்கம் மட்டும் போதுமானதாக இருந்திராது. உலங்கு வானூர்தியின் இயந்திரம் நின்றால், நெம்புகோலை அக்கணமே தாழ்த்தி அலகுகளின் சாய்வைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் கீழிருந்து மேலாகப் பாயும் காற்று சுழலியைத் தொடர்ந்து சுழற்றும். தரை நெருங்கியதும், அச்சுழற்சியில் சேர்ந்துள்ள ஆற்றலைக்கொண்டு நெம்புகோலை உயர்த்தி மெல்ல இறங்கலாம். ஓரிரு நொடிகள் தயங்கினாலும் சுழற்சி தளர்ந்துவிடும். தளர்ந்த சுழலியை மீட்க வழியில்லை. விமானியின் இடக்கையோ, விசை வேண்டுமெனில் முன்னே தள்ளவும், வேண்டாவெனில் பின்னே இழுக்கவும் பழகியது. நெம்புகோலில் மேலே இழுத்தால் ஏற்றம். கீழே அழுத்தினால் இறக்கம்.

மறையாத பழக்கம்

இச்சிக்கல் ஆர்-4இன் காலத்தோடு ஒழியவில்லை. அமெரிக்காவின் ராபின்சன் நிறுவனம் 1993இல் ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. விமானத்தில் நெடுங்காலம் பறந்து, உலங்கு வானூர்தியில் குறைவாகவே பழகிய விமானிகள் பலர் விபத்துகளில் உயிரிழந்ததை அது சுட்டிக்காட்டியது. விமானத்தில் எச்சரிக்கை ஒலி கேட்டால், வேகம் குறைந்துவிட்டது என்று பொருள். பிடியை முன்னே தள்ளுவதே உரிய செயல். உலங்கு வானூர்தியில் அதேபோன்ற ஒலி, சுழலியின் சுழற்சி குறைந்ததை உணர்த்துகிறது. அங்கே பிடியை முன்னே தள்ளுவது சுழற்சியை மேலும் குறைக்கும்.

எதிரே பறவை குறுக்கிட்டாலும் இதே கதைதான். விமானி பிடியைச் சட்டென முன்னே தள்ளி அதன் அடியில் நுழைந்து தப்புவார். இரண்டு அலகுகளே கொண்ட சிறிய உலங்கு வானூர்தியில் அப்படிச் செய்தால், சுழலியில் தொங்கும் உடல் ஒரு கணம் எடையிழந்து ஒருபக்கம் உருளத் தொடங்கும். அதைத் திருத்த எண்ணிப் பிடியைப் பக்கவாட்டில் தள்ளினால், சுழலியின் நடுப்பகுதி அச்சுத்தண்டில் மோதி அதனையே முறித்துவிடக்கூடும். அறிவு இதையெல்லாம் வகுப்பறையில் விரைவாக ஏற்றுக்கொள்கிறது. கைகள் ஏற்பதற்குத்தான் பல மணி நேரப் பறத்தல் தேவைப்படுகிறது.

பிரவுன் அதே 1945ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஓஷன் என்னும் கப்பலின் தளத்தில் ஜெட் விமானத்தை இறக்கிச் சாதனை படைத்தார். தம் வாழ்நாளில் அவர் ஓட்டியவை 487 வகைகள். பிற்காலத்தில் பிரிட்டனின் உலங்கு வானூர்தி ஆலோசனைக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும், ஸ்பீக்கில் கையேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்ற அதே மனிதர்தாம்.