வீட்டிற் பியானோப் பயிற்சி

புலம்பெயர்ந்து ஜேர்மனியில் வாழும் எமது பிள்ளைகளுட் பலர் இன்று பியானோ கற்கின்றனர். வாரநாட்களில் நகர இசைப்பள்ளிக்கும் சனிக்கிழமைகளில் எமது தமிழ்ப் பாடசாலைக்குமாகப் பெற்றோர் அவர்களை அழைத்துத் திரிகின்றனர். இசைப்பள்ளியில் வாரம் ஒருமுறை அரைமணி நேரமோ முக்கால்மணி நேரமோ பாடம் நடைபெறும். ஊரிற் கணக்குப் படிப்பித்த பழக்கத்தால் இதனையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள்ளன. அவற்றுள் பிள்ளை இசையாசிரியரின் அருகே அமர்ந்திருப்பது 30 நிமிடம். எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டுக்குரியது. விரல்கள் பழகுவதும் பழுதாவதும் அங்கேதான்.

அவ்வாறாயின் வீட்டில் என்ன செய்தல் வேண்டும்? "நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வாசிக்க வேண்டும்?" என்பதே பெற்றோர் பலரும் முதலிற் கேட்கும் வினா. அதற்கு முன்னர் கேட்க வேண்டிய வேறொரு வினா உண்டு. பிள்ளை அந்நேரத்திற் பாடலை வாசிக்கின்றதா, அன்றிப் பயிலுகின்றதா என்பதே அது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒலிக்கச் செய்வது வாசித்தல். தனக்கு இயலாத ஓரிடத்தைத் தேடிப் பிடித்து அதனை இயலச் செய்வது பயிலுதல். இரண்டும் வேண்டியனவே. ஆயின் எமது வீடுகளில் முதலாவது மட்டுமே நடைபெறுகின்றது.

சென்ற ஆண்டு எமது மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலை முடிந்ததும் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், எங்களுக்கு இந்தப் பியானோவைப் பற்றி ஒண்டும் தெரியாது. பிள்ளை பிழை விட்டாலும் எங்களுக்கு விளங்காது. காசும் போகுது. நிப்பாட்டுவம் எண்டு யோசிக்கிறம்" என்றார். தாயும் தந்தையும் மாறிமாறி வேலைக்குச் செல்பவர்கள். பிள்ளைக்கு வயது பத்து. நிறுத்துமுன் ஆசிரியையிடம் ஒருமுறை பேசிப் பார்ப்போம் எனக் கூறி, மொழிபெயர்ப்பதற்காக நானும் உடன் சென்றேன்.

அந்த ஆசிரியை எம்மை அமரச் செய்து, பிள்ளையை வழமைபோல வாசிக்கும்படி கூறினார். பாடலின் முதற்பாதி அழகாக வந்தது. நடுவில் ஓரிடத்தில் விரல் தடுமாறியது. உடனே பிள்ளை முதலிலிருந்து தொடங்கினாள். மீண்டும் அதே இடத்தில் தடுமாறினாள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். வீட்டிலும் இவ்வாறுதானா என ஆசிரியை வினவ, தாயார் ஆம் எனத் தலையசைத்தார். "இவள் சோம்பேறி அல்லள், நிறைய உழைக்கின்றாள். உழைப்பெல்லாம் உழைப்புத் தேவையில்லாத இடத்திற் போய்ச் சேருகின்றது" என்று ஆசிரியை கூறியதை நான் தமிழிற் சொன்னபோது தாயாரின் முகம் மாறியது. பிள்ளைக்குத் திறமை இல்லை என்று சொல்லப்போகிறார்கள் என எண்ணியே அவர் வந்திருந்தார்.

இசைத்தாளில் நெட்டுக்கோடுகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் பகுதியை ஜேர்மன் மொழியில் 'டக்ற்' என்பர். நாம் அதனை ஓர் ஆவர்த்தனம் போலக் கருதலாம். 32 டக்ற் கொண்ட ஒரு பாடலில் 17ஆவது டக்ற்றில் பிள்ளை தடுமாறுவதாகக் கொள்வோம். முதலிலிருந்து பத்துமுறை வாசித்தால், ஏற்கெனவே நன்றாக வரும் 16 டக்ற்றுகளும் பத்துமுறை ஒலிக்கும். 17ஆவதும் பத்துமுறை ஒலிக்கும். பத்துமுறையும் பிழையாகவே ஒலிக்கும். ஒரு டக்ற்றுக்கு நான்கு விநாடி எனின் பதினொரு நிமிடத்துக்கு மேல் கழிந்துவிடும். 18ஆவது முதல் 32ஆவது வரையுள்ளவற்றைப் பிள்ளை தொட்டே இராது. இதற்கு மாறாக 16, 17, 18 ஆகிய மூன்றை மட்டும் அரைவேகத்திற் பத்துமுறை வாசித்தால் நான்கு நிமிடம் போதும். விரல்கள் திரும்பத் திரும்பச் செய்வதையே கற்கின்றன. சரியையும் பிழையையும் அவை வேறுபிரித்து அறியா. ஆதலாற் பிழையைப் பத்துமுறை செய்த பிள்ளை அப்பிழையைப் பத்துமுறை மனனம் செய்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

தமிழ் ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆத்திசூடியை முதலிலிருந்து தடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம் நடுவில் ஓரடியைக் கூறி, அங்கிருந்து தொடரும்படி கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பர். விழா மேடையிற் பேச்சுப் போட்டியின்போது ஒரு சொல் மறந்தவுடன் "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று மீண்டும் தொடங்கும் சின்னஞ்சிறாரை நாம் ஆண்டுதோறும் பார்க்கின்றோம். அவர்களுக்கு நுழைவாயில் ஒன்றே உண்டு. பியானோ ஆசிரியை செய்த வைத்தியம் எளியது. பாடலில் ஐந்து இடங்களிற் பென்சிலாற் புள்ளியிட்டார். எந்தப் புள்ளியிலிருந்தும் தொடங்கப் பழக வேண்டும்; கடைசிப் புள்ளியிலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றார். கடைசிப் பகுதி முதலிற் பழகிவிட்டால், பின்னர் வாசிக்கும்போது பிள்ளை அறியாத இடத்திலிருந்து அறிந்த இடத்தை நோக்கிச் செல்லும். மேடையிற் பேசவிருக்கும் பிள்ளைகளுக்கும் இம்முறையை நான் இவ்வாண்டு சொல்லிக் கொடுத்துள்ளேன்.

இனி வேகத்தைப் பற்றிக் கூறுவோம். மெதுவாக வாசி என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வர். எந்தப் பிள்ளையும் கேளாது. தனக்கு மெதுவாகத் தோன்றுவது உண்மையில் மெதுவானதா எனப் பிள்ளையால் அறிய முடியாமையே காரணம். அதற்காகவே மெற்றோனோம் என்னும் தாளக்கருவி உள்ளது. யொகான் மேல்ட்செல் என்பவர் 1815ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதிலுள்ள எண் ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு என்பதைக் குறிக்கும். 60 எனின் விநாடிக்கு ஒரு தட்டு. இன்று கைத்தொலைபேசியிலேயே இதற்கான செயலி கிடைக்கின்றது. எமது சங்கீதத்திற் சரளி வரிசையை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று ஒவ்வொரு முறையும் இருமடங்காக்கிப் பாடுவோம். பியானோவில் அவ்வாறு ஒரே தாவலாகத் தாவினாற் கைகள் சிதறும். 60இல் மூன்றுமுறை பிழையின்றி வந்தபின் 64, அதிலும் வந்தபின் 68 என ஏறுதலே நன்று. பிழை வந்தால் ஒரு படி இறங்குதல் வேண்டும். சங்கீதம் கற்ற தாய்மார் இதனை உடனே விளங்கிக்கொள்வர். காலப்பிரமாணம் கெட்டால் அவர்களின் காது முதலிற் சுளிக்கும்.

விரல்களுக்கும் எண் உண்டு. இரு கைகளிலும் பெருவிரல் 1, சிறுவிரல் 5. இசைத்தாளிற் சுரங்களின் மேலும் கீழும் அச்சிடப்பட்டிருக்கும் சிறு இலக்கங்கள் இவையே. (வயலினில் இடக்கைச் சுட்டுவிரலே 1 ஆகும். அக்காள் வயலினும் தம்பி பியானோவும் கற்கும் வீடுகளில் இதனாற் பெருஞ்சண்டை மூளுவதுண்டு.) இன்று ஒரு விரல், நாளை வேறொரு விரல் என வாசிக்கும் பிள்ளை ஒரு பாடலை இரண்டு பாடல்களாகக் கற்கின்றது. ஆகவே இலக்கத்தை மதித்தல் வேண்டும். இது மிகப் பழைய ஒழுங்கு. யொகான் செபஸ்ரியான் பாக் 1720ஆம் ஆண்டில், ஒன்பது வயதான தம் மூத்த மகன் வில்ஹெல்ம் பிறீடமானுக்கென ஒரு பயிற்சிக் கொப்பியைத் தொடங்கினார். அதன் முற்பக்கங்களில் சுரக்குறியீடுகளையும் அலங்காரக் குறிகளின் அட்டவணையையும் எழுதி, அடுத்து விரல் இலக்கங்கள் இடப்பட்ட சிறு பாடலொன்றையும் எழுதி வைத்தார். அத்துணைப் பெரிய இசைமேதையும் தம் பிள்ளைக்கு வீட்டிற் கொப்பி எழுதினார் என்பதை எண்ணும்போது, எமது பிள்ளைகளின் பியானோ ஆசிரியர்கள் வாரந்தோறும் எழுதிவிடும் கொப்பியைப் பெற்றோர் திறந்து பாராதிருப்பது வருத்தத்திற்குரியது. அன்றைய பாடத்தின் திறவுகோல் அதிலேயே உள்ளது. ஜேர்மன் மொழி விளங்காவிடிற் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். தமிழும் வளரும்.

இந்நாட்டிற் கற்கும் பிள்ளைகள் ஒருநாள் றொபேட் சூமனின் 'மகிழ்ச்சியான உழவன்' என்னும் பாடலுக்கு வந்து சேர்வர். 1848ஆம் ஆண்டில் தம் மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்கென அவர் எழுதத் தொடங்கிய சிறு பாடல்களே பின்னர் 43 பாடல்கள் கொண்ட இளையோர் தொகுப்பாக வளர்ந்தன. அதிற் பத்தாவது பாடல் இது. வேலை முடிந்து வீடு திரும்பும் உழவனைப் பற்றியது. இதன் மெட்டு இடக்கையில் உள்ளது. வலக்கை தாளத்திற்கு இடையிடையே மெல்லத் தொட்டுச் செல்லும். வலக்கையின் ஒலி ஓங்கினால் உழவன் பாடுவது கேளாது. இசைத்தாள் வாசிக்க அறியாத தாயும் தந்தையும் "உழவனின் பாட்டு எனக்குக் கேட்கவில்லையே" என்று சொல்லலாம் அல்லவா? இடக்கையைத் தனியே வாசிக்கச் சொல்லி, கூடவே அந்த மெட்டை முணுமுணுக்கலாம். இதற்கு இசையறிவு வேண்டியதில்லை, காது போதும்.

சூமனின் வரலாற்றில் வேறொரு செய்தியும் உண்டு. இளமையில் அவர் பெரும் பியானோக் கலைஞராக வர விரும்பினார். விரலை வலுப்படுத்துவதற்காக ஓர் இயந்திரத்தையும் பயன்படுத்தினார். 1832 அளவில் அவரது வலக்கை நடுவிரல் செயலிழக்கலாயிற்று. மேடைக் கனவு முடிந்தது. அந்த இயந்திரந்தான் காரணமா, நோய் காரணமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், 1850இல் இளம் இசை மாணவர்க்கென அவர் வெளியிட்ட வீட்டு விதிகளில், களைத்தபின் மேலும் உழைக்க வேண்டாம் என்றும், கடினமான பாடலை அரைகுறையாக வாசிப்பதினும் எளிய பாடலை அழகுற வாசிப்பதே மேல் என்றும் அறிவுறுத்தினார். எமது பெற்றோர் இவ்விரண்டாவதைச் சிறிது நின்று கவனித்தல் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை மூன்றாம் புத்தகம், எம் பிள்ளை இன்னும் முதலாம் புத்தகம் என்ற ஒப்பீடு பல பிள்ளைகளைப் பியானோவை விட்டே ஓட்டியிருக்கின்றது.

கைவலி, தோள்வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சியை நிறுத்துக. இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். முழங்கை ஏறக்குறையக் கட்டைகளின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். கால் நிலத்தை எட்டாவிட்டால் ஒரு சிறு பலகையை வையுங்கள். தொங்கும் கால்கள் முதுகை வளைக்கும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்பதே அந்த ஆசிரியையின் கருத்து. ஆனால் ஒவ்வொரு நாளும் வேண்டும். பாடம் நடந்த அன்றோ மறுநாளோ முதற்பயிற்சி நிகழ்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஒன்றரை மணி நேரம் இருத்திவைப்பதாற் பயனில்லை. பெற்றோருக்கு அவர் கொடுத்த வேலை சிறியது: இன்று எந்த இடத்தைப் பழகப் போகின்றாய் எனத் தொடக்கத்திற் கேட்டல், முடிவில் அந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டல். குசினியிலிருந்து "பிழை, பிழை" என்று குரல் கொடுப்பதை அறவே விடும்படியும் கேட்டுக்கொண்டார். அதனையும் நான் மொழிபெயர்த்தேன், தாயார் சிரித்துவிட்டார். இரவு வேலை உள்ள நாட்களில் தந்தையார் கைத்தொலைபேசியிற் கேட்கின்றாராம். பிள்ளை இன்றும் கற்கின்றாள். அன்று தடுமாறிய இடம் சரியாயிற்று. இப்பொழுது வேறொரு பாடலில் வேறோர் இடத்திற் தடுமாறுகின்றாளாம்.

தொடர்மாடி வீடுகளில் வாழும் எம்மவரை வாட்டும் அச்சம் ஒன்றுண்டு. அயலவர் கதவைத் தட்டுவாரோ என்று பிள்ளையைக் கட்டைகளைத் தடவ விடும் வீடுகளை அறிவேன். அகதியாக வந்தவர்க்கு இவ்வச்சம் இயல்பே. ஆயினும் சட்டம் அறிதல் நலம். 2018 ஒக்ரோபர் 26ஆம் நாள், கார்ல்ஸ்றூவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், வீட்டில் ட்ரம்பெற் வாசித்த ஒருவர் பற்றிய வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வீட்டில் இசைக்கருவி பயில்வது வழமையான குடியிருப்புப் பயன்பாட்டினுள் அடங்கும். அதனை முற்றாகத் தடைசெய்ய இயலாது. ஓய்வு நேரங்கள் தவிர்ந்த பொழுதில், வேலைநாட்களில் இரண்டு முதல் மூன்று மணி நேரமும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒன்று முதல் இரண்டு மணி நேரமும் அண்ணளவான அளவாகக் கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்புக் கூறுகின்றது. சூழ்நிலைக்கேற்ப இது வேறுபடும். உங்கள் கட்டடத்தின் ஒழுங்கு விதிகளில் மதிய ஓய்வு நேரம் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பதினைந்து நிமிடப் பயிற்சிக்கு எவரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. மின்பியானோ வாங்குவோர் 88 கட்டைகளும், அவை உண்மைப் பியானோபோல் அழுத்தத்திற்குப் பாரமாக இயங்கும் தன்மையும் உள்ளதைத் தெரிவு செய்க. விளையாட்டுக் கீபோர்ட்டில் விரல் வலுப்பெறாது.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கொரு வீட்டுப்பாடம். எமது சங்கீதத்தின் சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அதனைப் பியானோவில் வாசிக்கலாம். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்திற்கு உடனே இடப்புறமுள்ள வெள்ளைக் கட்டை 'ச'. அவ்விரண்டு கறுப்புகளுள் இடப்புறத்தது 'ரி'. அவ்விரண்டையும் தாண்டியதும் வரும் வெள்ளை 'க', அதன் அடுத்த வெள்ளை 'ம', அதற்கும் அடுத்தது 'ப'. மூன்று கறுப்புகளுள் நடுவிலுள்ளது 'த'. மூன்றாங் கறுப்பைத் தாண்டியதும் வரும் வெள்ளை 'நி'. அதற்கு அடுத்தது மேல் 'ச'. வலக்கை விரல்கள் முறையே 1, 2, 3, 1, 2, 3, 4, 5. 'ம'வுக்குப் பெருவிரலை மற்ற விரல்களின் கீழாக நுழைத்தல் வேண்டும். தடுமாறும் இடம் அதுவே. ஆகவே 'க', 'ம', 'ப' மூன்றையும் முதலிற் பழகுங்கள். கமகங்களைப் பியானோவில் அசைக்க முடியாது. ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கும். மெற்றோனோம் 60இல் தொடங்குங்கள். நன்றாக வந்தபின் உங்கள் பியானோ ஆசிரியரிடம் வாசித்துக் காட்டி, இது எங்கள் முதற்பாடம் என்று சொல்லுங்கள். அவர் பெயரைக் கேட்பார். மாயாமாளவகௌளை என்பதை அவருக்குச் சரியாக உச்சரிக்கப் பழக்குவதற்கும் சில வாரங்கள் செல்லும்.