ஏசி ஓடுது, ஃப்ரெஷ் ஏர் எங்கே?

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப அறைக்கே அனுப்புது. வெளி யூனிட்டுக்கும் உள் யூனிட்டுக்கும் நடுவில் போற பைப்பில் ஓடுறது காற்று இல்ல, ரெஃப்ரிஜிரன்ட். அதனால "ஏசி போட்டாச்சு, வென்டிலேஷன் முடிஞ்சது"ன்னு சொன்னா அது தப்பு.

எவ்வளவு தப்புன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டிங் ரூம்: 300 சதுர அடி, உயரம் 9 அடி, உள்ளே 15 பேர். உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒருத்தர் மணிக்கு சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுவார். 15 பேருக்கு 270 லிட்டர். அறையின் கன அளவு 2,700 கன அடி, அதாவது சுமார் 76,000 லிட்டர். வெளிக்காற்றே வரலைன்னா ஒரு மணி நேரத்தில் சுமார் 3,500 பி.பி.எம் கூடும். வெளியே இருக்கிறது 420 பி.பி.எம் அளவுதான். கதவு இடுக்கு வழியா கொஞ்சம் காற்று போய் வரும், அதனால நிஜத்தில் இதை விடக் குறையலாம். ஆனா ரிமோட்டில் 24 டிகிரின்னு மட்டும்தான் தெரியும், இது தெரியாது.

இந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு விஷம் இல்லை. ஆனா அது வெளியேறலைன்னா வியர்வை வாடையும், ஒருத்தர் இருமினதில் வந்த கிருமியும் அதே அறையில்தான் சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

சரி, எவ்வளவு ஃப்ரெஷ் ஏர் வேணும்? உலகம் முழுக்க டிசைனர்கள் பயன்படுத்துற ஆஷ்ரே 62.1 ஸ்டாண்டர்டு இதை இரண்டு பங்காகப் பிரிக்குது. ஒண்ணு ஆட்களுக்கு. இன்னொண்ணு கட்டடத்துக்கு, ஏன்னா யாருமே இல்லாட்டியும் பெயின்ட், கார்ப்பெட், ஃபர்னிச்சர் எல்லாம் வாயுக்களை விட்டுக்கிட்டே இருக்கும். ஆபீஸ், மீட்டிங் ரூம் இரண்டுக்கும்:

ஃப்ரெஷ் ஏர் (சி.எஃப்.எம்) = (ஆட்கள் × 5) + (சதுர அடி × 0.06)

முதலில் ஆபீஸ் ஹால், 3,000 சதுர அடி, 30 பேர்:
150 + 180 = 330 சி.எஃப்.எம்

அடுத்து நம்ம மீட்டிங் ரூம், 300 சதுர அடி, 15 பேர்:
75 + 18 = 93 சி.எஃப்.எம்

சீலிங்கில் இருந்து குளிர்ந்த காற்று வருதுன்னா இந்த விடையை 1.0-ஆல் வகுக்கணும், அதனால மாற்றம் இல்லை. ஒரே ஏ.எச்.யு பல அறைகளுக்குக் காற்று அனுப்புதுன்னா மட்டும் இன்னும் சில படிகள் உண்டு.

இங்கதான் பலர் சறுக்குற இடம். ஹாலில் சதுர அடிக்கு 0.11 சி.எஃப்.எம் வந்துச்சு. அதையே "தம்ப் ரூல்" ஆக்கி மீட்டிங் ரூமுக்கும் போட்டா கிடைக்கிறது 33 சி.எஃப்.எம் மட்டும். தேவையில் மூன்றில் ஒரு பங்கு! பரப்பை மட்டும் பார்த்து டிசைன் பண்ணக் கூடாது; எத்தனை பேர் உட்காருவாங்கன்னு கட்டாயம் கேட்கணும்.

இவ்வளவு எளிதான கணக்கா இருந்தும் ஏன் விடுபடுது? செலவு. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் வெளிக்காற்றுக்கும் அறைக் காற்றுக்கும் என்தால்பி வித்தியாசம் பவுண்டுக்கு 18 பி.டி.யு-ன்னு வச்சுக்குவோம். 4.5 × 330 × 18 = 26,730 பி.டி.யு/மணி. 12,000-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 2.2 டன். ஹாலுக்கு ஃப்ரெஷ் ஏர் கொடுக்க மட்டுமே இவ்வளவு கூலிங் வேணும். அதனாலதான் கரன்ட் பில்லைக் குறைக்க முதல்ல ஃப்ரெஷ் ஏர் டேம்பரை மூடுறாங்க. பில் குறையும், உள்ளே இருக்கிறவங்களுக்குக் காற்றும் குறையும்.

மூடாமலே சேமிக்க வழி இருக்கு. எனர்ஜி ரெகவரி வென்டிலேட்டர், வெளியே போற குளிர்ந்த காற்றை வைத்தே உள்ளே வர்ற காற்றின் சூட்டையும் ஈரத்தையும் குறைக்கும். அதன் திறன் 60 சதவீதம்னு எடுத்தா, 2.2 டன்னில் சுமார் 1.3 டன் மிச்சம். கார்பன் டை ஆக்சைடு சென்சார் வச்சு, ஆள் குறைவா இருக்கும்போது மட்டும் காற்றைக் குறைக்கிறது இன்னொரு வழி.

இப்போ உங்க டர்ன். லெக்சர் கிளாஸ்ரூமுக்கு ஒரு ஆளுக்கு 7.5, சதுர அடிக்கு அதே 0.06. 800 சதுர அடியில் 60 பேர்னா 498 சி.எஃப்.எம் வரணும். உங்க கிளாஸ் அளவை வச்சுப் போட்டுப் பாருங்க. அப்புறம் அந்தக் காற்று எந்த வழியா உள்ளே வருதுன்னு தேடிப் பாருங்க.