மீண்டு வரும் அலை எங்கே போகிறது?

பீர்க்கன்கரணை ஏரியின் கரைமீது காற்றடிக்கும் மாலையில் நின்றோர் ஒன்றைக் கண்டிருப்பர். சரிவான கரையை அடைந்த அலை ஓய்ந்து அடங்குகிறது; செங்குத்தான கரையில் மோதிய அலையோ மீளுகிறது. ரேடியோ அலைக்கும் இந்நியாயம் ஒருவாறு பொருந்தும்.

சென்னையில் 1924ஆம் ஆண்டு ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரவர்களின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப், 40 வாட் ஒலிபரப்பி ஒன்றைக்கொண்டு அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் தன் பணியைத் தொடங்கிற்று. அத்துணைச் சிறிய சக்தியை வீணாக்காது ஏரியலுக்குச் சேர்ப்பது எங்ஙனம்? அன்றுபோல் இன்றும் ஒலிபரப்புவோர் ஆராயவேண்டிய வினா இதுவே.

இறுதிப் பெருக்கியினின்று ஏரியலுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் கம்பிவழிக்குத் தனக்கென ஒரு மின்மறிப்பு உண்டு. அஃது 50 ஓம் என்க. ஏரியலும் 50 ஓமாயின், வந்த அலை முழுவதும் ஏற்கப்படும். ஏரியல் 100 ஓமாயின், இரண்டின் வேற்றுமையாகிய 50ஐக் கூட்டுத்தொகையாகிய 150ஆல் வகுக்க, மின்னழுத்தத்தில் மூன்றிலொரு பங்கு மீளும் எனப் பெறுகிறோம். சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், மீளும் சக்தி ஒன்பதிலொரு பங்கேயாம்.

இச்சக்தி பெருக்கிக்குட் புகுந்து வெப்பமாகி வால்வைக் கெடுக்கும் என்பார் பலர். பெருக்கிக்குள்ளும் 50 ஓம் தடை ஒன்று இருந்து மீளலையை விழுங்குகிறது என்பது அவர் எண்ணம். இஃது ஆராயத்தக்கது. உள்தடையும் சுமையும் சமமாயின் சுமைக்கு மிகுந்த சக்தி சேரும் என்பது யாக்கோபியின் பெயரால் வழங்கும் விதி. ஆனால் அந்நிலையில் பாதிச் சக்தி உள்தடையிலேயே வெப்பமாய் அழியும். ‘சி’ வகுப்புப் பெருக்கியோ, தான் பெறும் சக்தியில் நூற்றுக்கு 70 பங்கையும் அலையாக மாற்றித் தரவல்லது. பாதிக்குமேல் தருவதொன்று, பாதியை உள்ளே எரிக்கிறது என்றல் எங்ஙனம் பொருந்தும்? ஆகவே, ஒலிபரப்பியின்மேல் ‘50 ஓம்’ என்று பொறித்திருப்பது அது வேண்டும் சுமையைக் குறிக்குமேயன்றி, அதனுள்ளிருக்கும் தடையைக் குறிப்பதன்று.

அவ்வாறாயின் மீளலை செய்வது யாது? புறப்படும் அலையோடு கூடி, பெருக்கி காணும் சுமையை அது மாற்றிவிடுகிறது. மேற்கூறிய 100 ஓம் ஏரியல், கம்பிவழி கால் அலைநீளமாயின் பெருக்கிக்கு 25 ஓமாகத் தோன்றும். அரை அலைநீளமாயின் 100 ஓமாகவே தோன்றும். இரண்டிடத்தும் மீளும் பங்கு ஒன்றே. பெருக்கியின் நிலையோ வேறு. ஓரிடத்தில் மின்னோட்டம் மிகலாம். மற்றோரிடத்தில் மின்னழுத்தம் மிகலாம். மீண்ட சக்தியே வால்வைச் சுடுவதாயின், கம்பியின் நீளத்திற்கேற்ப வெப்பம் இங்ஙனம் மாறுவதற்குக் காரணம் காணவியலாது. கேடு விளைப்பது பொருந்தாச் சுமையே என்பது இதனால் விளங்கும்.

சுருளும் கண்டென்ஸரும் கொண்ட இசைவுச்சுற்றை ஒலிபரப்பியின் அருகே அமைத்துத் திருத்தினால், பெருக்கி மீண்டும் 50 ஓமையே காணும். மீண்டு வந்த அலை அங்கே திரும்பவும் ஏரியலை நோக்கிச் செலுத்தப்படும். கம்பியிலும் சுருளிலும் நேரும் சிறு இழப்பொழிய, சக்தி வீணாவதில்லை.

ஆதலின் ஒலிபரப்பியை இயக்கப் பயிலும் மாணவர், வால்வாயினும் டிரான்ஸிஸ்டராயினும், முதலில் சிறு சக்தியில் சுமையை இசைவித்து, பின்னரே முழுச் சக்தியை ஏற்றுக. ஏரியலைக் கழற்றிவிட்டு ஒருபோதும் இயக்கற்க. மீளலையை அளக்கும் கருவியின் முள் உயர்ந்தபோது அஞ்சி நின்றுவிடாமல், பெருக்கி காணும் சுமை யாது என வினவுக.