சித்தூர்ச் சீமையில் கூட்டுப் பண்ணை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒத்த கருத்துள்ள பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, நஞ்சில்லாமல் பயிர் செய்து, அங்கேயே வாழ வேண்டும் என்ற எண்ணம் சென்னையிலும் பெங்களூரிலும் பல வீடுகளில் பேசப்படுகிறது. பேச்சு நிலம் தேடும் கட்டத்துக்கு வரும்போது சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பெயர் தவறாமல் அடிபடும். இரு நகரங்களுக்கும் சில மணி நேரத் தொலைவுதான். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் பேசியே காரியம் நடத்தலாம். மானாவாரி நிலக்கடலையும் மாந்தோப்பும் கறவை மாடும் தமிழக விவசாயிக்குப் பழகியவை. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. மதனப்பள்ளி வட்டாரம் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. எல்லைகள் மாறினாலும் மண்ணும் மழையும் நிலச் சட்டமும் மாறவில்லை. கூட்டுப் பண்ணை பற்றி நிலவும் நம்பிக்கைகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பணம் கைமாறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

நம்பிக்கை: பட்டா இருந்தால் நிலம் வாங்கலாம்

ஆந்திரத்தில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கு மட்டும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி தடை உண்டு. அவர்கள் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. குழுவில் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நண்பர் ஒருவர் பெரும்பங்கு பணம் போடுவதாக இருந்தால் இந்த ஒரு விதியே திட்டத்தை மாற்றிவிடும்.

பெரிய சிக்கல் பட்டாவின் வகையில் இருக்கிறது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஊரில் அதை டி.கே.டி. பட்டா என்பார்கள். 1977ஆம் ஆண்டின் ஒப்படைப்பு நிலங்கள் மாற்றத் தடைச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் செல்லாது; அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்படைப்புப் பெற்று 20 ஆண்டு கடந்தவர்களுக்கு முழு உரிமை தரும் திருத்தம் 2023இல் வந்தது. அப்படி விடுவிக்கப்பட்ட நிலங்களில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்து, 2024இல் அவற்றின் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. குறைந்த விலைக்கு, மலையடிவாரத்தில், ஒரே துண்டாக நிலம் கிடைக்கிறது என்று தரகர் சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழுள்ள தடைப்பட்டியலை. அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவேடு, 1-பி என்னும் உரிமைப் பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவை அதற்கு அடுத்தவை. இவை தெலுங்கில் இருக்கும். தெலுங்கு படிக்கத் தெரிந்த, தரகருடன் தொடர்பில்லாத வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுப்பது தகாது.

ஒரு பெரிய நிலத்தில் பிரிக்கப்படாத பங்கை விற்கும் வழக்கமும் பரவிவருகிறது. அத்தகைய பத்திரம் வைத்திருப்பவரால் தன் எல்லை இதுவென்று காட்ட முடியாது. பிரித்துக்கொள்ள எல்லாப் பங்குதாரரும் ஒப்ப வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டும்.

நம்பிக்கை: மனம் ஒத்துப்போனால் எழுத்து தேவையில்லை

கூட்டுப் பண்ணைகள் பெரும்பாலும் கொள்கைச் சண்டையால் கலைவதில்லை. ஒருவர் வெளியேற விரும்பும்போது அவர் பங்குக்கு என்ன விலை, யார் வாங்குவது, ஒருவர் இறந்தால் அவர் பிள்ளைகளுக்கு என்ன உரிமை, அங்கேயே தங்கி உழைப்பவருக்கும் மாதம் ஒருமுறை வந்துபோகிறவருக்கும் விளைச்சல் எப்படிப் பிரிவது என்ற கேள்விகளுக்குத்தான் பதில் இல்லாமல் போகிறது. நட்பு உறுதியாக இருக்கும் காலத்தில் இவற்றை எழுதிக்கொள்வது எளிது. மனக்கசப்பு வந்த பிறகு எழுதவே முடியாது.

சட்ட வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. அறக்கட்டளையில் போட்ட பணத்தையும் நிலத்தையும் திரும்பப் பெற முடியாது. வாழ்நாள் அர்ப்பணிப்புக்கு அது பொருந்தும், சேமிப்பைப் போடுகிறவருக்குப் பொருந்தாது. உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கக் குறைந்தது 10 தனிநபர்கள் வேண்டும். அதில் யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். உறுப்பினர் உண்மையில் உற்பத்தி செய்பவராக இருக்க வேண்டும்; முதலீடு மட்டும் செய்யும் நண்பருக்கு அதில் இடமில்லை. 1995இல் ஆந்திரம் இயற்றிய பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டம் அரசின் பங்கு மூலதனமும் அதிகாரிகளின் தலையீடும் இல்லாமல் சங்கம் நடத்த வழி செய்தது. நாட்டில் அவ்வகைச் சட்டங்களில் அதுவே முதல். விளைபொருளைச் சேர்த்து விற்க இந்த வடிவம் நன்றாக உதவுகிறது.

எல்லா நிலத்தையும் ஒரே பெயரில் வாங்கிவிடலாம் என்ற யோசனைக்கு 1973இன் நில உச்சவரம்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நிலத்தின் வகையைப் பொறுத்து நன்செய் 10 முதல் 27 ஏக்கர், புன்செய் 35 முதல் 54 ஏக்கர் என்பது வரம்பு. நிறுவனமும் சங்கமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு நபரே.

நம்பிக்கை: ஆழ்துளைக் கிணறு போட்டால் தண்ணீர்க் கவலை தீரும்

இந்த நம்பிக்கைதான் அதிகப் பணத்தை விழுங்குகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கிழக்கே வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும். மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர்ப் பக்கம் மழை குறைவு. அடியில் இருப்பது கருங்கல் பாறை. பாறையின் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த பகுதியிலும்தான் நீர் நிற்கும். ஒரு வயலில் 200 அடியில் ஊற்று கிடைத்தால் பக்கத்து வயலில் 800 அடி போனாலும் புழுதி மட்டுமே வரலாம். 2004இல் விவசாய மின்சாரம் இலவசமானதிலிருந்து, இறைக்கிற நீருக்குக் கணக்கு வைக்கும் கட்டாயமும் போயிற்று. 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி புதுக் கிணற்றுக்கு அனுமதி வேண்டும் என்பதைப் பலர் கிணறு தோண்டிய பிறகே அறிகிறார்கள்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். நெல்லுக்கு ஒரு பருவத்தில் 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர். நிலக்கடலைக்கு 500 மில்லிமீட்டர் என்றால் 20 லட்சம். இந்தக் கணக்கைச் சிற்றூர் விவசாயிகளே போட்டுப் பார்த்த அனுபவம் இந்த மண்ணுக்கு உண்டு. சித்தூர், அனந்தபூர், கடப்பா உள்ளிட்ட 7 வறட்சி மாவட்டங்களின் 638 குடியிருப்புகளில், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையுடன், விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் 2000களில் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட மழைமானியைப் படித்தார்கள். கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஊர்ச் சுவரில் எழுதினார்கள். பருவம் தொடங்கும் முன் ஊர் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, எண்ணியிருக்கும் பயிர்களுக்குத் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். யாரும் யாரையும் நெல் போடாதே என்று தடுக்கவில்லை. கணக்கைக் கண்ணால் பார்த்தவர்களில் பலர் தாமாகவே நீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினார்கள். உலக வங்கி 2010இல் வெளியிட்ட இந்திய நிலத்தடி நீர் அறிக்கை இதை முன்மாதிரியாகச் சுட்டியது. திட்டப் பணம் நின்றதும் பல ஊர்களில் அளவெடுப்பும் தளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புதிதாக வரும் குழுவுக்கு இதிலிருந்து கிடைப்பது மிகப் பெரிது. வேலிக்குள் இருக்கும் கிணறும் வேலிக்கு வெளியே இருக்கும் கிணறும் ஒரே பாறையின் நீரைத்தான் எடுக்கின்றன. பண்ணை ஆயிரம் அடி போட்டு இறைத்தால் அண்டை விவசாயியின் கிணறு வற்றும். அந்தப் பகையை எந்த நல்லெண்ணமும் ஆற்றாது. ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரும் செலவில் பங்கு எடுப்பது இன்னொரு கிணறு தோண்டுவதைவிடப் பயனுள்ள முதலீடு.

நம்பிக்கை: இயற்கை வேளாண்மையை நகரத்துப் படித்தவர்கள்தான் கொண்டுவர வேண்டும்

உலகின் மிகப் பெரிய இயற்கை வேளாண் முயற்சிகளில் ஒன்று ஆந்திரக் கிராமங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மாநில அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா 2016இல் தொடங்கிய திட்டம் இன்று மக்கள் நிர்வகிக்கும் இயற்கை வேளாண்மை என்ற பெயரில், 10 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளை எட்டியிருக்கிறது. 2024இல் போர்ச்சுக்கலின் குல்பென்கியன் பரிசை இன்னும் இருவருடன் பகிர்ந்துகொண்டது. இதன் முதுகெலும்பு மகளிர் சுயஉதவிக் குழுக்கள். பயிற்சி தருகிறவர்கள் தம் சொந்த வயலில் செய்து பார்த்த விவசாயிகள். வெளியூர் நிபுணர் சொல்வதைவிடப் பக்கத்து வயலின் கடலைச் செடி சொல்வதை ஊர் நம்புகிறது.

ஜீவாமிர்தம் என்னும் ஊட்டக் கரைசலின் அளவு அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: ஏக்கருக்கு 200 லிட்டர் நீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். இரண்டு நாள் ஊறவைத்துத் தெளிக்க வேண்டும். மழைக்கு முன்பே கோடையில் விதைப்பது அண்மைக்கால வளர்ச்சி. பல வகைத் தானியம், பயறு, எண்ணெய் வித்துகளைக் களிமண்ணும் சாம்பலும் சாணமும் பூசி உருட்டிக் காய்ந்த நிலத்தில் விதைத்து மூடாக்குப் போடுகிறார்கள். கிடைக்கும் சிறு ஈரத்திலேயே முளைத்து, மண்ணை ஆண்டு முழுவதும் பச்சையாக வைத்திருக்கும். இதற்குச் செலவே இல்லை என்று சொல்வது தவறு. உரக்கடைச் செலவு குறையும், ஆள்வேலை கூடும். களைக்கொல்லி இல்லாத கடலைக் காட்டில் களையெடுப்பு முழுக்கப் பெண்களின் கையுழைப்பு. அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காத எந்தப் பண்ணைத் திட்டமும் நேர்மையானது ஆகாது.

ஜீவாமிர்தத்துக்காகப் புங்கனூர்க் குட்டை மாட்டை லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். அழிவின் விளிம்புக்குப் போன அருமையான இனம் அது. திருப்பதி வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கப் பாடுபடுகிறது. ஆனால் சாணத்துக்கும் கோமியத்துக்கும் ஊரில் கிடைக்கும் நாட்டு மாடே போதும்.

நம்பிக்கை: மூன்றாண்டில் பண்ணை நிலைத்துவிடும்

அனந்தபூர்ப் பக்கத்துச் சென்னேகொத்தப்பள்ளியில் பாப்லு கங்குலியும் மேரி வட்டமட்டமும் நண்பர்களும் 1990 வாக்கில் 32 ஏக்கர் கரம்பு நிலத்தில் தொடங்கிய திம்பக்டு கூட்டமைப்புதான் ராயலசீமையில் இவ்வகை முயற்சிகளுக்கு அருகிலுள்ள சான்று. அவர்கள் முதலில் செய்தது நிலத்தைத் தீயிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் காத்துத் தானாகத் துளிர்க்க விட்டது. பிறகு சுற்றுக் கிராமங்களின் பெண்கள் சிக்கனச் சங்கம், பள்ளி, ஊர்ப் பொதுக்காட்டுப் பாதுகாப்பு என்று வேலை விரிந்தது. விவசாயிகளின் இயற்கை விளைபொருளை வாங்கிப் பதப்படுத்தி விற்கும் தரணி கூட்டுறவு 2008இல்தான் பிறந்தது. இடைப்பட்ட 18 ஆண்டில் கிராமத்தோடு உண்டான நம்பிக்கையே அதன் மூலதனம்.

அவர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து மீட்டெடுத்த கல்பவல்லிக் காட்டுக்கு நேர்ந்ததையும் மறக்கக் கூடாது. ஆவணத்தில் அது அரசுத் தரிசாகவே இருந்தது. அங்கே காற்றாலைகள் நிறுவ அனுமதி கிடைத்தபோது, இருபது ஆண்டு காத்த மக்களின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலி பள்ளத்தாக்கு 1920களில் வறண்ட நிலமாகக் கைக்கு வந்தது. பல பத்தாண்டு மரம் நட்டுக் காத்த பிறகு, 1991இல் பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் விதிகளும் பொறுமையைத்தான் கேட்கின்றன. ஏற்றுமதிக்கான இயற்கை வேளாண் சான்றுக்கு, ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டும், மா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டும் மாறுகாலம் உண்டு. பண்ணை நிலைக்கும் காலத்தைக் கணிக்கும்போது, பலமநேர், குப்பம் வட்டாரங்களில் கௌண்டின்யா சரணாலய யானைகள் வயலுக்கு வருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025இல் கர்நாடகம் ஆந்திரத்துக்குக் கும்கி யானைகள் தந்ததற்கு இந்த வட்டாரத்தின் தொல்லையும் ஒரு காரணம்.

நம்பிக்கை: உணவில் தன்னிறைவு வந்துவிட்டால் சந்தை தேவையில்லை

1968இல் தொடங்கிய ஆரோவில்லில் பல பண்ணைகள் உண்டு. ஆனாலும் உணவின் பெரும்பகுதி இன்றும் வெளியிலிருந்துதான் வருகிறது. உப்பும் பள்ளிக் கட்டணமும் மருத்துவமும் பணம் கேட்கும். ஆகவே எதை, யாருக்கு விற்பது என்பது முதல் ஆண்டே முடிவாக வேண்டும். மா என்றால் தோத்தாபுரி, அதாவது கிளிமூக்கு மாம்பழம், என்று எல்லாரும் நடுகிறார்கள். அது கூழ் ஆலைகளை நம்பிய பயிர். 2025 கோடையில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்து 12 ரூபாய் தருவதாக ஏற்பாடானது. அதற்கே விவசாயிகள் ஆலை வாசலில் டிராக்டர்களுடன் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கலப்புப் பயிரும், வீட்டுக்கு வீடு நேரடி விற்பனையும் இந்த இடரைக் குறைக்கும். திருமலைக் கோயிலின் நைவேத்தியத்துக்கு இயற்கை விளைபொருள் வாங்கும் முயற்சியை 2021இல் தேவஸ்தானம் தொடங்கியதும் உள்ளூர்ச் சந்தையில் ஒரு கதவைத் திறந்தது.

நேரடி விற்பனைக்குச் செலவுமிக்க சான்று தேவையில்லை. பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உறுதிமுறையில் குறைந்தது 5 விவசாயிகள் ஒரு குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தருகிறார்கள். அந்த ஐவரில் உள்ளூர் விவசாயிகளும் இருந்தால் சான்றோடு விதை, ஏர், ஆள், மழை பற்றிய தகவல் எல்லாம் சேர்ந்தே வந்துசேரும்.