புறப்படுவோமா? - ஸ்பானிய மொழியில் ஒரு சிறு பாடம்

பிறமொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதலிற் பொருட்பெயர்களையும் பின்னர் வினைவடிவங்களையும் மனப்பாடஞ் செய்வர். ஆயினும், ஓரிடத்தினின்று எழுந்து, உடனிருப்பவரை நோக்கிப் "புறப்படுவோமா?" என்று கேட்க நேரும்பொழுதே அவர் கல்வி சோதிக்கப்படுகின்றது. இவ்வாக்கியம் சிறிது பிறழினும் அழைப்புக் கட்டளையாகிவிடும். அன்றேல், உடனிருப்பவரை விட்டுச் செல்லும் அறிவிப்பாகிவிடும். ஸ்பெயின் தேசத்திலும், மெக்ஸிகோ முதல் அர்ஜென்டைனா வரையுள்ள நாடுகள் பலவற்றிலும் வழங்கும் ஸ்பானிய மொழியில் இது நிகழுமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

செல்லுதலைக் குறிக்கும் வினை அம்மொழியில் 'இர்' என்பது. தன்னைச் சுட்டும் 'ஸெ' என்னுஞ் சிறுசொல் அதனோடு கூடி 'இர்ஸெ' என்றாகும். முன்னையது சேருமிடத்தை நோக்கும்; பின்னையது விடுமிடத்தை நோக்கும். 'வாமொஸ் அல் மெர்காதொ' எனின் 'சந்தைக்குப் போவோம்' என்பது பொருள். 'வாமொனொஸ் தெ அக்கீ' எனின் 'இவ்விடம் விட்டுப் போவோம்' என்பது பொருள். ஈண்டு வகரமாக எழுதப்பட்ட முதலெழுத்தை ஸ்பானியர் இரண்டு இதழும் பொருந்த, 'அம்பு' என்பதிலுள்ள பகரம்போல ஒலிப்பர்.

'வாமொனொஸ்' பிறந்தவாறு யாதெனின், 'வாமொஸ்' என்பதோடு 'நம்மை' எனப் பொருள்படும் 'நொஸ்' சேருங்கால், இடைநின்ற ஸகரம் கெடுகின்றது. நம் இலக்கணத்தார் கூறும் கெடுதல் விகாரத்தை இஃது ஒத்திருத்தல் காண்க. உட்காருவோம் எனற்கு 'ஸென்தேமொனொஸ்' என்றும், இங்கேயே இருப்போம் எனற்குக் 'கெதேமொனொஸ்' என்றும் வருவனவும் இவ்விதியின்பாற்படும். ரபாயேல் முஞ்ஞோஸ் என்பார் 1931-இல் வெளியிட்ட மெக்ஸிகோ நாவலுக்கும், அதனைத் தழுவி 1936-இல் வந்த திரைப்படத்துக்கும் பெயர் 'வாமொனொஸ் கொன் பாஞ்சோ வில்லா' என்பது. 'பாஞ்சோ வில்லாவோடு போவோம்' என்னும் அவ்வழைப்பில் இச்சொல்லின் எழுச்சி விளங்கும்.

எதிர்மறையில் விழிப்பு வேண்டும். 'நொ நொஸ் வாமொஸ்' என்பது 'நாம் போகவில்லை' என்னும் வெறுங்கூற்று. 'போகாதிருப்போம்' என்று வேண்டுவோர் 'நொ நொஸ் வயாமொஸ்' எனல் வேண்டும். 'வயாமொஸ்' நம் வியங்கோளை ஒருவாறு ஒத்த விழைவு வடிவம்.

இனி, 'நொஸ் வாமொஸ்' என்பதை வினாவாக ஒலித்தால் 'புறப்படுவோமா?' என்றாகும். குரலைத் தாழ்த்திக் கூறினாலோ 'புறப்படுகின்றோம்' என்னும் அறிவிப்பாகும். கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேற்றுமை தமிழில் உண்டு. ஸ்பானிய மொழியில் இல்லை. ஆதலின் விருந்தளித்தவரிடம் 'நொஸ் வாமொஸ்' என்றால் 'நாங்கள் புறப்படுகின்றோம்' என்றும், தோழரிடம் கூறினால் 'நாம் புறப்படுகின்றோம்' என்றும் இடம் நோக்கியே உணர்தல் வேண்டும். 'வாமொனொஸ்' என்பதோ எப்பொழுதும் கேட்போரை உளப்படுத்துவது. வீட்டுக்குரியவரை நோக்கி அதனைக் கூறுவோர், அவர் வீட்டினின்று அவரையே வெளியே அழைப்பவராவர்!

பணிவோடு கேட்க விரும்புவோர் 'தெ பரேஸெ ஸி நொஸ் வாமொஸ்?' என்க. 'நாம் புறப்பட்டால் உனக்குச் சம்மதமா?' என்பது கருத்து. மதிப்பிற்குரியாரிடம் 'தெ' என்பதை 'லெ' என மாற்றுக. 'பொர் கே நொ நொஸ் வாமொஸ்?' என்பதும் நயமான அழைப்பே. சொல்லுக்குச் சொல் 'ஏன் நாம் போகவில்லை?' என்றிருப்பினும் காரணம் வினவுவதன்று. 'வேத்தெ' என்பதை மட்டும் ஒழிக்க. அது 'நீ போய்விடு' என்று ஒருவரைத் துரத்துவது.

பயிற்சிக்காக இருவர் உரையாடல் ஒன்று:

முதல்வர்: யா எஸ் தார்தெ. நொஸ் வாமொஸ்? (நேரமாயிற்று. புறப்படுவோமா?)

மற்றவர்: நொ, கெதேமொனொஸ் உன் ராத்தொ மாஸ். (வேண்டாம், இன்னுஞ் சிறிது நேரம் இருப்போம்.)

முதல்வர்: பியென். (நன்று.)

மற்றவர், சிறிது கழித்து: அயோரா ஸீ, வாமொனொஸ். (இப்பொழுது சரி, போவோம்.)

இவ்வுரையாடலில் ஒருவரும் மற்றவரை ஏவவில்லை. ஒருவரும் மற்றவரை விட்டுச் செல்லவுமில்லை. 'நொஸ்' என்னும் ஓரசையே இருவரையும் பிணித்து நிற்கின்றது. வினைவடிவங்கள் பலவற்றை மறந்தாலும், மாணவர்காள், இவ்வோரசையை மறவாதிருப்பீர்களாக.