பூரணிக்கு, விளக்கு வாங்கும் முன்

கீழப்பாவூர்

அன்புள்ள பூரணிக்கு,

மாமா எழுதுவது. சாரல் பிடித்துவிட்டது. பாவூர்சத்திரத்தில் நிற்கிற தென்காசி பஸ் எல்லாவற்றிலும் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகக் குற்றாலத்துக்குக் கூட்டம். கடலுக்குள் டைவ் இறங்க வாங்கப் போவதாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டார்ச் படங்களைப் பார்த்தேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே ‘சரி மாமா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் அந்தப் பத்தாயிரம் லூமன் டார்ச்சை விட்டுவிடு. அதற்குள் போடுவது ஒற்றை 18650 பேட்டரி என்று படத்திலேயே தெரிகிறது. தரமான 18650 ஒன்றில் அடங்கும் மின்சாரம் சுமார் 11 வாட்-மணி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் சொச்சம் கொடுக்கும். பத்தாயிரம் லூமன் வேண்டுமென்றால் 100 வாட் இழுக்க வேண்டும். ஏழு நிமிஷத்துக்குள் பேட்டரி காலி. ஆனால் அட்டைப்பெட்டியில் இரண்டு மணி நேரம் எரியும் என்று அச்சடித்திருக்கிறான். இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் இரண்டுமே பொய்யாக இருக்கும். கணக்குப் படித்த பிள்ளை நீ, விற்கிறவன் சொல்வதை ஒருமுறை வகுத்துப் பார்க்கக் கூடாதா?

எஃப்.எல்.1 என்று ஓர் அமெரிக்கத் தரமுறை 2009-ல் வந்தது. அதன்படி அளந்ததாகப் போடும் கம்பெனிகளை ஓரளவு நம்பலாம். கண்ணாடிக்கு வெளியே வந்து விழும் வெளிச்சத்தைத்தான் அதில் அளப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘எரியும் நேரம்’ என்று அவர்கள் போடுவது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரம். அரை மணியிலேயே பாதியாக மங்கி, மிச்ச நேரமெல்லாம் மினுக்கிக்கொண்டு கிடக்கும் டார்ச்சும் ‘மூன்று மணி’ என்று போட்டுக்கொள்ளலாம். எனவே நேரம் ஆக ஆக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைபடம் போட்டிருக்கிறார்களா என்று தேடு. நீ தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மணி நேரமும் ஒரே சீராக எரிவதுதான் நல்ல டார்ச்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை நீ இறங்கும் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். வார விடுமுறையில் புலாவ் ஹந்து தீவு, லீவு கிடைத்தால் டியோமான் தீவு என்று எழுதியிருந்தாய். இரண்டும் நேர் எதிர்: டியோமானில் தெளிந்த தண்ணீர், ஹந்துவில் கலங்கல். சிங்கப்பூரைச் சுற்றிக் கப்பல் போக்குவரத்தும் வண்டலும் அதிகம். ஹந்துவில் பல நாள் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கண் தெரியாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலின் அடியைப் பார்க்க இறங்கிய காலத்தில் எனக்கு வாய்த்தது இதே மாதிரித் தண்ணீர்தான். கலங்கல் தண்ணீரில் வெளிச்சத்தைக் கூட்டினால் பார்வை குறையும். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை உன் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும்போது மூடுபனியில் டிரைவர் ஏன் ஹை பீமை இறக்குகிறார்? ஏற்றி வைத்தால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான். அதே கதைதான் இங்கும்.

ஆகவே லூமனைப் பார்ப்பதற்கு முன் ஒளி எத்தனை பாகைக்கு விரிகிறது என்று பார். படம் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் விளக்கு 100, 120 பாகைக்கு விரியும். நீ கேமரா வாங்கும்போது அதைப் பற்றிப் பேசலாம். உனக்கு இப்போது வேண்டியது 10 பாகை அளவுக்குக் குறுகிய ஒளி. ஒரே ஆயிரம் லூமனை 10 பாகையில் கூட்டி அனுப்புவதற்கும் 120 பாகைக்குப் பரப்புவதற்கும் நடுவில் விழும் வெளிச்சத்தில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. அந்தச் செறிவைத்தான் கேண்டெலா என்று போடுவார்கள். லூமனைப் பெரிய எழுத்திலும் கேண்டெலாவைப் பொடி எழுத்திலும் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படி.

நம்பாவிட்டால் உன் வீட்டுக் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அரைக் கரண்டி பால் ஊற்றிக் கலக்கு. விளக்கை அணைத்துவிட்டு, தோழிகளிடம் இருக்கும் டார்ச்சுகளை வாங்கி ஒவ்வொன்றாக மேலிருந்து காட்டிப் பார். விரிந்த ஒளி வாளி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். குறுகியது கோடாக உள்ளே இறங்கும். கடைக்காரரின் அரை மணி விளக்கத்தைவிட இது மேல்.

பகலில் ஹந்துவுக்கு 500 லூமனே தாராளம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் தாண்டினாலே சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். நீ தேடிப் போகிற அந்த ஓடில்லாத கடல் நத்தைகளின் நிறத்தைப் பார்க்கவே பகலிலும் டார்ச் வேண்டும். ஆனால் அவை இருப்பது கை எட்டும் தூரத்தில். அதற்கு எதற்குப் பெரிய விளக்கு?

டியோமானில் இரவில் இறங்குவதற்கு ஆயிரம் லூமன், அதிகம் போனால் 1,200. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். கூடுதல் வெளிச்சம் அந்தப் பழக்கத்தை ஒரு நொடியில் கெடுத்துவிடும். கூட இறங்குகிறவள் முகத்தில் டார்ச் அடிப்பது எவ்வளவு மரியாதைக் குறைவு என்று உன் பயிற்சியாளர் சொல்லியிருப்பார். பேச்சே இல்லாத இடத்தில் டார்ச்தான் வாய். வட்டம் போட்டால் ‘நலம்’, பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ‘ஆபத்து’. குறுகிய ஒளி என்றால் அந்த வட்டம் தெளிவாகத் தெரியும். மீன்களையும் கொஞ்சம் நினை. கிளிமீன்களில் சில வகை தன்னைச் சுற்றிச் சளியாலே ஒரு கூடு கட்டிக்கொண்டு உறங்கும். சிங்கமீன் உன் வெளிச்சத்தின் ஓரத்திலேயே வந்து, அதில் திகைத்து நிற்கும் சிறு மீனை விழுங்கும். கொலைக்கு விளக்குப் பிடித்தவள் என்ற பெயர் உனக்கு வேண்டாம். தாழ்ந்த வெளிச்சம் வைக்கும் வசதி உள்ள டார்ச்சாகப் பார்.

தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் விளக்கே இல்லாமல் பகல் வெயிலை நம்பித்தான் இறங்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்தது ஹாலஜன் விளக்கு: எடை கூட, ஆயுசு குறைவு. இப்போது அதைவிட நல்லது உள்ளங்கையில் அடங்குகிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பெரிய டார்ச்சுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நடுத்தர டார்ச் வாங்கு. இரவில் முதல் விளக்கு அணைந்தால் இரண்டாவதை ஏற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். அதோடு அன்றைய டைவ் முடிந்தது. துணை விளக்குக்கு 300 லூமன் போதும், இரண்டுக்கும் ஒரே வகை பேட்டரியாக இருக்கட்டும். சிலிண்டரில் கட்டும் சிறு அடையாள விளக்கு தனி.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஐ.பி.68’ என்பதை மட்டும் நம்பாதே. எத்தனை மீட்டர் என்று கம்பெனி எழுதியிருக்க வேண்டும். 30 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல நான்கு பங்கு. 100 மீட்டர் என்று போட்ட டார்ச்சாக வாங்கு. ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போகும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மூடு. சக்தி கூடிய டார்ச்சைக் கரையில் வெகுநேரம் எரிய விடாதே, அதைக் குளிர வைப்பது சுற்றியுள்ள தண்ணீர்தான். திருவனந்தபுரம் விமானத்தில் வரும்போது உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், முனைகளை மூடி. பெரிய பெட்டியில் போடக் கூடாது.

டியோமானில் இரவில் இறங்கும் முன் படகிலேயே இரண்டு விளக்கையும் ஒருமுறை எரித்துப் பார். துணை விளக்கு எரியாவிட்டால், யார் என்ன சொன்னாலும், அன்றைக்கு நீ இறங்காதே.

அன்புடன்,
மாமா